பதினோராவது வளைவில் படுத்துக்கொண்ட தாய்மாமன்

மருத்துவம் பாதி படித்தவனுக்கு வருகிற நோய்கள், முழுதாகப் படித்து முடித்தவனுக்கு வருவதே இல்லை. இருதயப் பாடம் நடந்த மாதம் எனக்கு நெஞ்சு வலித்தது. தோல் பாடம் வந்ததும் உடம்பெல்லாம் அரித்தது. இவையெல்லாம் விடுதி அறைக்குள்ளேயே வந்து போனதால் மானம் தப்பியது. கடைசியாக வந்த, கடலில் முங்குகிறவர்களுக்கு வரும் நோய் மட்டும் போடிமெட்டு மலைப்பாதையில், நான்கு ஜீப் ஆட்கள் பார்க்க, பட்டு வேட்டி கட்டியிருந்தபோது வந்தது.

போடிநாயக்கனூர்க்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். உள்ளூரில் சீட் கிடைக்கிற அளவுக்கு என் மார்க் இல்லை. எங்கேயோ ஒரு தீவில் இருந்த மருத்துவக் கல்லூரி என்னைச் சேர்த்துக்கொண்டது. (தீவின் பெயர் அப்பா வாயில் இன்றுவரை நுழையவில்லை. 'வெளிநாடு' என்று முடித்துக்கொள்வார்.) எனக்கோ ஒரு இடத்தில் ஐந்து நிமிஷம் உட்கார வராது. உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்தத் தீவில் எந்தப் பக்கம் நடந்தாலும் கால் மணி நேரத்தில் கடல் வந்துவிடும். கரையில் நின்று நின்று அலுத்துப்போய், ஒருநாள் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு உள்ளேயே இறங்கிவிட்டேன்.

முங்கக் கற்றுக்கொண்டதும், அதற்கான வைத்தியத்தையும் விருப்பப் பாடமாக எடுத்தேன். விஷயம் இதுதான். ஆழத்தில் தண்ணீர் அழுத்துகிற அழுத்தத்தில் நாம் மூச்சிழுக்கும் வாயு ரத்தத்தில் கரைந்துவிடும். சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழி குமிழியாகப் பொங்கும். மூட்டு வலிக்கும், கை மரத்துப்போகும், சிலருக்கு உயிரே போகும். முங்கிய கையோடு விமானத்தில் ஏறினாலும், உயரமான மலையில் ஏறினாலும் இதே ஆபத்துதான். அப்படிப்பட்டவரை ஒரு இரும்பு அறைக்குள் வைத்து, காற்றழுத்தம் கூட்டி, ஆக்சிஜன் கொடுப்பார்கள். இதை அப்பாவுக்குப் போனில் விளக்கினேன். அவர் டீக்கடையில் விளக்கினார்.

"பெரிய இரும்பு டிரம்முக்குள்ள ஆளப் போட்டு காத்தடிக்கிற படிப்புண்ணே."

"பஞ்சர் பாக்குற மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

எங்கள் பேராசிரியர் அடிக்கடி சொல்வார்: "இந்த நோயின் முதல் அறிகுறி, எனக்கு ஒன்றுமில்லை என்று நோயாளி சொல்வது." இந்த ஒரு வரிதான் பின்னால் என் மானத்தை வாங்கியது.

அக்காவை ஏலத்தோட்டக் குடும்பம் ஒன்றில் கொடுத்திருந்தோம். போடிமெட்டுக்கு மேலே வீடு. அவள் மகள் யாழினிக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், இருக்கிற ஒரே தாய்மாமன் நான். கடலில் முங்கிக்கொண்டிருந்த எனக்காக அந்தப் பிள்ளையின் காது இரண்டு வருஷம் காத்துக்கிடந்தது. மாமியார் வீட்டில் அக்கா வாங்கிய பேச்சு அவளுக்குத்தான் தெரியும். ஒருவழியாக லீவு கிடைத்து வந்தேன். தோட்டத்து அம்மன் கோவிலில் விசேஷம், ஒன்பது மணிக்குள் குத்திவிட வேண்டும்.

காலையில் போடியிலிருந்து ஜீப் கிளம்பியது. முன்னால் டிரைவரும், காது குத்தும் பத்தரும், அப்பாவும். பின்னால் சீர்த்தட்டுகள், மடியில் யாழினியோடு அக்கா, எங்களை அழைத்துப்போக வந்திருந்த அக்காவின் மாமியார், நான். மாமியாரை நான் அத்தை என்பேன். ஊர் எல்லை தாண்டுமுன்னே அத்தை தூங்கி என் இடது தோளில் சாய்ந்தார். வளைவுக்கு வளைவு பாரம் கூடியது. சம்பந்தி வீட்டுப் பெரிய மனுஷியை உலுக்கி எழுப்ப முடியுமா? காலை மட்டும் ஆட்டிக்கொண்டு, கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

வலது கையில் முங்கும்போது கட்டுகிற கடிகாரம். (உப்புத் தண்ணீரே பார்க்காத ஊரில் எதற்கு என்று கேட்காதீர்கள். ஊர் பார்க்கத்தான் கட்டினேன்.) ஜீப் ஏற ஏற அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பத்தாவது வளைவு தாண்டியதும் அதன் முகப்பில் சின்னதாக ஒரு மலைப் படம் தோன்றியது. அது வெறும் உயரம் காட்டுகிற குறி என்று அதன் கையேட்டில் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை.

பதினோராவது வளைவில் அத்தை விழித்து, நிமிர்ந்து, வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து என் இடது கை முழுக்க ஊசி குத்தியது. விரல் மடங்கவில்லை. எனக்குக் குப்பென்று வியர்த்தது. கடைசியாக முங்கியது எப்போது? ஆறு நாள் முன்னால். ஒரு நாள் இடைவெளி போதும் என்று சொல்லி நானே பரீட்சையில் மார்க் வாங்கியிருந்தேன். ஆனால் 'ஒன்றுமில்லை' என்று மனசு சொன்னதும், அதுதானே முதல் அறிகுறி என்று பேராசிரியர் உள்ளே இருந்து பேசினார்.

"அண்ணே, ஜீப்பத் திருப்புங்க! கீழ போகணும்!"

"இந்த வளைவுல எங்கிட்டுத் தம்பி திருப்புறது? பின்னால பூரா ஆள் ஏத்துன ஜீப்பா வருது."

அவர் பிரேக் போட்டதும் குதித்து இறங்கினேன். பாடத்தில் சொன்னபடி ரோட்டோரம் நீட்டிப் படுத்தேன். தண்ணீர் கேட்டேன். பிறகு ஆக்சிஜன் கேட்டேன்.

டிரைவர் நிஜமாகவே யோசித்தார். "ஸ்டெப்னி டயர்ல காத்து இருக்கு. அது ஆகுமா?"

பின்னால் வந்த ஜீப்புகளிலிருந்து தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் இறங்கிச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழத்தை மூக்கில் தேய்த்தாள். இன்னொருத்தி திருநீறு பூசினாள். "பித்தம்தான், வேற ஒண்ணுமில்ல" என்றாள் மூன்றாமவள். ஒன்றுமில்லை என்று அவள் சொன்னதும் எனக்குப் பயம் இரண்டு மடங்கானது. செத்துப்போவேன் என்றே நம்பினேன். அதற்குள் பட்டம் வாங்கியிருக்கலாமே என்றுகூட ஏக்கமாக இருந்தது.

அக்கா தலைமாட்டில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ரெண்டு வருசமா ஒனக்காகத்தானேடா காத்துக்கிடந்தோம்? இன்னைக்கும் நேரம் தப்புச்சுன்னா அந்த வீட்டுல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருக்கிறது?"

"அக்கா, கை செத்துப்போச்சுக்கா."

"எந்தக் கை தம்பி?" என்றார் அத்தை, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு.

"இடது கை அத்தை."

"அந்தக் கை மேலதானே நான் போடியில இருந்து தூங்கிட்டு வந்தேன்?"

தோட்ட வேலைப் பெண்கள் சிரித்த சிரிப்பு பக்கத்து மலைக் குரங்கணி வரைக்கும் கேட்டிருக்கும். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுந்து நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் இன்னும் கொஞ்ச நேரம் படுத்தே கிடந்தேன்.

பத்தர்தான் காரியக்காரர். மணி பார்த்தார். "ஒம்பதாகப் பத்து நிமிசம் இருக்கு. மேல போயிச் சேர முடியாது. சாமி எங்கிட்டும் இருக்கும். டாக்டர் தம்பி, வெரசா அந்தக் கட்டையில உக்காருங்க."

வளைவின் தடுப்புச் சுவரில், முதுகுக்குப் பின்னால் பள்ளம் இருக்க, மடியில் பிள்ளையோடு உட்கார்ந்தேன். அக்கா சீர்த்தட்டைப் பிரித்தாள். முன்பின் தெரியாத அத்தனை பெண்களும் குலவை போட்டார்கள். வலது காதில் துளை கச்சிதமாக விழுந்தது. இடது காதுக்கு யாழினியின் தலையை என் இடது கை பிடித்திருந்தது. அதில் அப்போதும் பாதிதான் உயிர் வந்திருந்தது. பிள்ளை திமிற, கை நழுவ, துளை ஒரு நூல் மேலே போய்விட்டது. அவள் அழுத அழுகையில் எனக்கும் கண் கலங்கியது. என் கால் அன்றைக்கு அந்த நேரம் மட்டும்தான் ஆடவில்லை.

இப்போது நான் முழு டாக்டர். எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கால் மரத்தாலும் "ஜீப்பத் திருப்பு!" என்று கத்துகிறார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்தால் அத்தை எழுந்து தள்ளி உட்காருகிறார், என் கை பத்திரமாக இருக்கட்டுமாம். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, நாலாவது படிக்கிற யாழினியைப் பக்கத்தில் கூப்பிட்டேன். இரண்டு தோடும் இரண்டு உயரத்தில் தொங்கின. மனசு கேட்கவில்லை.

"தப்பு மாமா மேலதான் தங்கம். வர்றியா, அந்தக் காத மட்டும் சரியாக் குத்திருவோம். வலிக்காம நானே செஞ்சுவிடுறேன்."

அவள் காதைப் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

"போங்க மாமா! பள்ளிக்கூடத்துல எல்லாருகிட்டயும் இதக் காட்டித்தான் ஒங்க கதையச் சொல்றேன். இதச் சரி பண்ணிட்டா யாரு நம்புவா?"