முந்நூறு இலை பிளானும் ஒத்தைக்கால் மீட்டிங்கும்

ஒரு காட்டுல ஆறு இருந்துச்சு, பாலம் இல்ல. முயல் அளவே இருக்குற சருகுமான் ஒண்ணு, ரெண்டு குட்டியோட புல்லு தேடி ஆத்து நடுவுல இருந்த மணல்திட்டுக்குப் போச்சு. திடீர்னு தண்ணி ஏறிடுச்சு, திரும்ப வழியில்ல. பெருமழைக்கு இன்னும் இருபது நாள்தான்.

"ராஜா, ஒரு பாலம் போட்டுக் குடுங்க"ன்னு சிங்கத்தைப் பாத்துக் கத்துச்சு.

சிங்கம் யானையையும் கொக்கையும் கூப்பிட்டுச்சு.

யானை சொல்லுச்சு: "மொதல்ல முந்நூறு இலைக்குப் பிளான் எழுதணும். எல்லாரும் கையெழுத்துப் போட்டப்புறம்தான் கல்லைத் தொடணும்."

கொக்கு சிரிச்சுச்சு. "பெரியவரே, நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள ஆறே வேற பக்கம் போயிடும். இப்பல்லாம் அஜைல், கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு பாத்துத் திருத்துற முறை. தினமும் நின்னுக்கிட்டே மீட்டிங். ரெண்டு வாரம் ஒரு ஸ்பிரிண்ட், ஸ்பிரிண்ட்டுக்கு ஒரு கல்லு."

"ஒரு கல்லை வச்சு எப்படிய்யா தாண்டுறது?"ன்னுச்சு யானை.

"தாண்டுறது அப்புறம். மொதல்ல கல்லு மேல நின்னு ஃபீட்பேக் குடுக்கட்டும்."

சண்டையிலயே பன்னெண்டு நாள் போச்சு. சிங்கத்துக்கு ரெண்டுமே புரியல. புரியாத பெரிய மனுஷங்க எல்லாரும் சொல்றதையே அதுவும் சொல்லுச்சு: "ரெண்டையும் கலந்துடுங்க."

கலந்தாங்க. முந்நூறு இலை பிளானை தினமும் காலையில கொக்கு மாதிரி ஒத்தைக்கால்ல நின்னு முழுசா வாசிச்சாங்க. யானை மூணு தடவை விழுந்துச்சு. கல்லு ஒண்ணுகூட விழல.

மழை வந்துச்சு.

"யானையண்ணே, பாலமே வேணாம். உங்களுக்கு இது முழங்கால் தண்ணி. முதுகுல ஏத்திக் கரையில விட்டுருங்க, போதும்"னு திட்டுல இருந்து கத்துச்சு சருகுமான்.

யானை பொறுமையா இலையைப் புரட்டுச்சு. "முதுகுன்னு பிளான்ல எங்கயும் இல்லம்மா."

"நல்ல யோசனை"ன்னுச்சு கொக்கு. "அடுத்த ஸ்பிரிண்ட்ல பாக்கலாம். தனி இலையில எழுதி அனுப்பு."

"குட்டிக்குக் கழுத்து வரைக்கும் வந்துடுச்சு சார்."

"அப்ப மேல அவசரம்னு போட்டுடு."

மறுநாள் மழை விட்டுச்சு. திட்டைக் காணோம்.

"பாலம் கேட்டு எத்தனை மனு பாக்கி?"ன்னு சிங்கம் கேட்டுச்சு.

கொக்கு ஆத்தை ஒரு தடவை நல்லாப் பாத்துச்சு. "ஒண்ணும் இல்ல ராஜா."

"அப்ப வேலை முடிஞ்சுதா?"

"பிளான்ல போட்ட தேதிக்கு முன்னாடியே"ன்னுச்சு யானை.

ரெண்டு பேருக்கும் மாலை விழுந்துச்சு. எந்த முறையால ஜெயிச்சோம்னு இன்னிக்கு வரைக்கும் அடிச்சுக்கிறாங்க.

நீதி: கேட்டவங்க உயிரோட இல்லன்னா, எந்த முறையும் வெற்றிகரமான முறைதான்.