வீட்டுல தமிழ் பேசக்கூடாது

எல்லாரும் சொகமா இருக்கியளா? மழை பிடிச்சுக்கிட்டு, வெந்நி வச்சுக் குடிங்க. இது தொண்ணூத்தஞ்சுல மேலப்பாளையத்துல நடந்தது.

பாளையங்கோட்டையில இருந்து பஸ்ஸுல திரும்பி வரும்போதே கமர் நிஷாவுக்கு அழுகை வந்துட்டு. மக ஷம்ஸியாவைச் சேக்கப் போன பள்ளிக்கூடத்துல, "திங்கக்கிழமை தமிழ் டீச்சர்கிட்ட பிள்ளை தமிழ்ல பேசுனா அஞ்சாம் வகுப்பு, இல்லைன்னா மூணாம் வகுப்புதான்"னு சொல்லிட்டாங்க.

ஷம்ஸியாவுக்குப் பத்து வயசு. துபாயில வளந்தவ. கம்பெனிக்காரன் குடும்ப வீடு தர மாட்டேன்னுட்டதால தாயும் மகளும் ஊருக்கு வந்துட்டாங்க. வாப்பா அசன் முகம்மது மட்டும் அங்கனயே இருக்காரு. பிள்ளைக்கு நாலு வயசாகும்போது அவரு அங்க ஒரு சட்டம் போட்டாரு. "வீட்டுல தமிழே கூடாது. தமிழ் காதுல விழுந்தா இங்கிலீசு ஒட்டாது."

கமர் நிஷாவுக்குத் தெரிஞ்ச இங்கிலீசு கம், ஈட், ஸ்லீப். ஆறு வருசமா பெத்த பிள்ளைகிட்ட அதை வச்சே காலத்தை ஓட்டிட்டா. பிள்ளைக்கு மழலையில பேசுன தமிழும் மறந்துபோச்சுன்னே நெனைச்சிருந்தா. காய்ச்சல்ல கெடந்த பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை இல்லாம, தலையைத் தடவி "ஸ்லீப், ஸ்லீப்"னு சொன்னவ அவ.

ஊருக்கு வந்த பெறவு பிள்ளையை விட்டு ஒரு நிமிசம் நகரலை. பள்ளிக்கூடத்துல இருந்து திரும்புன அன்னைக்கே தமிழ் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சா.

"ஷம்ஸியா, உம்மாட்ட தமிழ்ல பேசும்மா."

பிள்ளை பதறிப்போயி வாயில விரலை வச்சா. "நோ உம்மா. இங்கிலீஷ்."

"பாத்தியளா மதினி, தமிழ்னாலே அலறுதா!"

அசன் முகம்மதோட அக்கா ஆபிதா பீவி ஒரு யோசனை சொன்னா. "சாமானுக்கெல்லாம் தமிழ்ல பேரெழுதி ஒட்டு. பாத்துப் பாத்துப் படிச்சுக்கிடுவா."

அண்டா, அடுப்பு, கோழிக்கூடு வரைக்கும் ஒட்டியாச்சு. விடிஞ்சு பாத்தா, ஒவ்வொரு சீட்டுக்குக் கீழயும் இங்கிலீசுல முத்து முத்தா எழுதியிருக்கு. ஷம்ஸியா உம்மாவுக்கு ஒவ்வொண்ணா தொட்டுக் காட்டி, இங்கிலீசைப் பைய வாசிச்சா.

அடுத்து எலியேசர் வாத்தியாரைத் தமிழ் டியூசனுக்கு வச்சா. அவரு பிள்ளை பேசுத இங்கிலீசைக் கேட்டுச் சொக்கிப்போயிட்டாரு.

"யம்மா, என்ன உச்சரிப்பு! நான் இருபது வருசமாத் தப்பால்லா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்!"

"தமிழு, சார்?"

"அது கெடக்கு"ன்னு நோட்டைப் பிரிச்சு அவரு எழுத ஆரம்பிச்சுட்டாரு. மூணு நாள்ல வாத்தியாரு தேறிட்டாரு.

ஞாயித்துக்கிழமை கமர் நிஷாவுக்கு வெறி வந்துட்டு. "இனிமே இந்த வீட்டுல இங்கிலீசு பேசுனா அடி விழும்!"

பிள்ளை வாயையே மூடிக்கிட்டா. சோத்துக்கும் தலையாட்டல், தண்ணிக்கும் தலையாட்டல்.

"இருந்த மூணு வார்த்தையும் போச்சே மதினி. பத்து வயசாச்சு, அவளுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டிருப்பேனா? என்ன பயம்னு கேட்டிருப்பேனா?"

"அழாத. அவ ஒம்பிள்ளை, எங்க போயிருவா?"

திங்கக்கிழமை, தாயை வெளிய உக்கார வச்சுட்டுப் பிள்ளையை மட்டும் உள்ள கூப்பிட்டாங்க. அரை மணி நேரமாச்சு. கமர் நிஷா துப்பட்டி நுனியைக் கசக்கிக்கிட்டே இருந்தா. உள்ள ஒரே சிரிப்புச் சத்தம். பிள்ளையைக் கேலி பண்ணுதாங்கன்னு எந்திரிச்சுட்டா.

அப்பம் பள்ளிக்கூடத்து ஆயா வடிவம்மாள் கதவைத் தெறந்து வெளிய வந்தா.

"எம்பிள்ளை... பேசுதாளா?"

"பேசுதாளாவா? டீச்சரை வாயைத் தெறக்க விடலை! துபாயில கீழ்வீட்டுக் காயல்பட்டினத்துப் பிள்ளைகளோட தமிழ்லதான் வெளையாடுவாளாம். 'பெறவு ஏன் தாயி ஒங்க அம்மாட்ட பேச மாட்டேங்கே?'ன்னு கேட்டேன். 'உம்மாவுக்கு இங்கிலீசு வரணும்னுதான் ஆயா வாப்பா சட்டம் போட்டாங்க. உம்மா பாவம், படிப்பு ஏறலை. ஆறு வருசமா நானும் பொறுமையாத்தான் சொல்லிக்குடுக்கேன்'ங்கா!"

ஒங்க வீட்டுலயும் இப்படிப் பேசாமலே கழிஞ்ச வருசம் இருக்கும்லா? மறைக்காம எனக்கு எழுதுங்க தாயி.