நான் பிடுங்கிய பிளக்

எனக்குக் கோபம் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடும். புத்தி அடுத்த பஸ்ஸில்தான் வரும். இந்த உண்மையை ஒப்புக்கொள்ளவே எனக்குப் பல வருடம் ஆனது.

கேபிள்காரர் சேகரண்ணன் மேல் எனக்கு அப்படியொரு கோபம். மழை பெய்தால் படம் போகும். மழை வருகிற மாதிரி இருந்தாலும் போகும். போன் செய்தால், "அஞ்சு நிமிசத்துல வாரேனுங்க" என்பார். (எந்தக் கிழமையின் அஞ்சு நிமிடம் என்று சொல்லமாட்டார்.) குமாரபாளையத்தில் எங்கள் தெருவுக்கு அவரை விட்டால் ஆள் இல்லை என்றிருந்தவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். பிறகு, இன்டர்நெட்டோடு டிவியும் தருகிறோம் என்று ஒரு புதுக் கம்பெனி தெருமுனையில் குடை விரித்து உட்கார்ந்தது. எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை புது இணைப்பு வந்தது. அன்று சாயந்தரமே மாடிக்குப் போய், சேகரண்ணனின் பூஸ்டர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். அந்தப் பெட்டி பல வருடமாக எங்கள் மாடியில், எங்கள் கரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்துதான் தெருவில் பதினெட்டு வீட்டுக்கும் ஒயர் போகிறது என்பது எனக்குத் தெரியாது என்றால் அது பொய். நன்றாகத் தெரியும். அன்றைக்கு அதுவே இனித்தது.

சீரியலில் தாலி கட்டுகிற நேரம். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுச் சரசக்கா கையில் கரண்டியோடு நின்று, "ஏனம்மிணி, உங்க சண்டைக்கு அந்தப் புள்ள கண்ணாலம் நிக்கோணுமா?" என்று கத்தினார்.

மறுநாள் காலையில் சேகரண்ணன் வந்தார். நான் கேட்டைத் திறக்கவே இல்லை.

"நீங்க போறது உங்க இஷ்டமுங்க அம்மிணி. பெட்டிக்கு மட்டும் கரண்டு உடுங்க. லோக்கல் சேனலாச்சும் ஓடட்டும்."

"நூறுவாட்டி போன் பண்ணுனனே, எடுத்தீங்களாண்ணா? இப்ப நீங்க காத்துக் கெடங்க!" (என்ன ஒரு வீராங்கனை!)

அப்பா லாரி ஓட்டியவர். தினமும் காலையில் அவர் பார்ப்பது சேகரண்ணனின் அந்த லோக்கல் சேனலைத்தான். மேலே பழைய பாட்டு ஓடும், கீழே ஊர்ச் சாவுச் செய்தி நகரும். யார், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று சத்தமாகப் படித்துவிட்டுத்தான் காபி குடிப்பார்.

"நம்மூரு சேனலு எங்க சாமி?" என்று ரிமோட்டை அமுக்கிக்கொண்டே கேட்டார்.

"அது எதுக்குங்கப்பா? ஒலகமே வருது பாருங்க" என்றேன். பனிக்கரடி வந்தது. பாவம், பகலெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயந்தரம் பால் ஊற்ற வந்த அக்கா கேட்டார்: "ஏனுங்கய்யா, செங்கோடண்ணன மத்தியானமே எடுத்துட்டாங்களே, உங்களக் காணமே?"

செங்கோடு மாமாவும் அப்பாவும் இருபது வருடம் ஒரே லாரியில் ஓடியவர்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் தூங்குவார். வண்டியை நிறுத்தினால், தூங்குகிறவரின் காலைத் தட்டி எழுப்பிவிட்டுத்தான் மற்றவர் இறங்குவார். அது அவர்களுக்குள் எழுதாத சட்டம்.

அப்பாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். அங்கே பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"போன் போட்டமுங்க மாமா, சுவிச்சாப்னு வந்துது" என்றான் செங்கோடு மாமாவின் மகன். "காலையில இருந்து டிவியில ஓடுது. நீங்க தெனமும் பாக்கறவரு, எப்படியும் வந்துருவீங்கன்னு இருந்துட்டமுங்க."

அப்பாவின் போன் பீரோவில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. எங்கள் தெருவிலோ அன்று அந்தச் சேனல் ஒரு வீட்டிலும் ஓடவில்லை. அப்பா கீழே கிடந்த பந்தல் கம்பு ஒன்றை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, வந்து ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்கு ஓடிப் பிளக்கை மாட்டினேன். இறங்கி வரும்போது சரசக்கா வீட்டு டிவியில் மாமாவின் பெயர் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. சேகரண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அட, உடுங்கம்மிணி" என்றார்.

இப்போது வீட்டில் இரண்டு இணைப்பும் இருக்கிறது. படம் இன்னும் போகத்தான் செய்கிறது. நான் கத்த வாயைத் திறந்தாலே, "பிளக்கு, பிளக்கு!" என்பார் அம்மா. சொந்தக்காரர்கள் கூடினால் இந்தக் கதைதான். சரசக்கா கரண்டியோடு நின்ற இடம் வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதற்கு மேல் யாரும் போகமாட்டார்கள்.

போன பொங்கலுக்கு அப்பாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். துண்டால் துடைத்துக்கொண்டே, "இருவது வருசத்துல ஒரு நாளும் என்னைய எழுப்பாம எறங்குனதில்ல அவன்" என்றார்.

மாமா அன்றைக்கும் டிவியில் எழுப்பத்தான் பார்த்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காபி கலந்து வருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன்.