தரம் ஒன்றில் கைதட்டிப் படிப்பிப்பது பற்றி

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

நான் வாய்மூடி இருந்தது போதும். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமுடன் இருக்க வேண்டும். வாய்க்கால் தண்ணீர் பற்றி முன்பு எழுதியதைத் தாங்கள் வெளியிடவில்லை. அதை நான் மறக்கவுமில்லை.

விசுவமடுவில் கமம் செய்யும் பட்டதாரி நான். என் மகள் தேனுகா பள்ளிக்கூடம் சேரும் முன்பே முதலாம் புத்தகம் முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்புவிப்பாள். படிப்பித்தவன் நான்தான். கோயில் வீதியில் கண்டவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்ட வைத்தேன். பள்ளிக்கூடத்தில் வகுப்பு ரீச்சர் ரஜிதாவோ நடுப்பக்கத்தில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன, பிள்ளை?" என்றார். தேனுகா முதற்பக்கத்திலிருந்து தொடங்கினாள். "அண்ணை, பிள்ளை பாடமாக்கித்தான் சொல்லுறா. இன்னும் வாசிக்கத் தொடங்கேல்லை," என்றார் ரஜிதா, மற்றப் பெற்றோருக்கு முன்னால். இந்த ரஜிதா யார்? என் வயலுக்கு வரும் தண்ணீரை மறித்த நல்லதம்பியின் மகள்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதியில்லை. ஆனா, ஆவன்னா என்று எழுத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய பிள்ளை, ரீச்சர் பழக்கியபடி அதன் ஓசையை மட்டும் இழுக்கிறாள். "ம்ம்ம்" என்றபடி குசினிக்குள் போக, அடுப்படியில் நின்ற என் மனைவி சிவலட்சுமி வயிற்றுக்குத்து என்று பயந்து ஓமத்தண்ணீர் பருக்கிவிட்டாள். அதைக் குடித்த பிறகுதான் பிள்ளை "மாடு" என்று முடித்தது. போதாததற்கு, சொல்லைத் துண்டு துண்டாகக் கைதட்டிப் பிரிக்க வேண்டுமாம். வீரகத்தியரின் செத்தவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். யாரோ இறந்தவரின் பெயரைச் சொல்ல, இவள் "வீ... ர... கத்... தி" என்று தட்டினாள், அங்கிருந்த வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து தட்டின. நல்லதம்பி என் காதருகே வந்து, "ஏன் தம்பி, செத்த மனிசனோடயும் கோபமோ?" என்றார்.

ஆகவே இந்த முறையை உடன் நிறுத்தி, பழையபடி பாடமாக்கவே விட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். தங்கள் வீட்டாருக்கு முருகன் துணை.

பி.கு: இதை மடிக்கப் போகையில் மகள் கதிரையில் ஏறி எட்டிப் பார்த்தாள். அவள் பாடமாக்கியிராத வரிகள். விரல் வைத்து, ஓசை ஓசையாகச் சேர்த்து, "கு... சி... னி... குசினி," என்றாள். விரல் மேலே ஏறியது. "ர... ஜி... தா. அப்பா, எங்கட ரீச்சரைப் பற்றி நல்லாத்தானே எழுதுறீங்கள்?"

"ஓம்," என்றுவிட்டேன்.

ஐயா, என் பிள்ளை வாசிக்கிறாள். இதை ஊரில் சொன்னால் நல்லதம்பியின் மகளைப் புகழ்ந்ததாகிவிடும். சொல்லாமலிருக்கவும் என்னால் முடியவில்லை. தாங்கள் ஒருவராவது அறிய வேண்டும். பெயரில்லாத கடிதங்களைப் பிரசுரிப்பதில்லை என்று தங்கள் பத்திரிகையில் போட்டிருக்கிறது. எனவே கையெழுத்து வைக்காமலே தபாலில் சேர்க்கிறேன்.