சுவர் காய்ந்துவிட்டது, அக்காவை அனுப்பி வைக்கவும்

அரவேணு,
பிப்ரவரி 16, ஞாயிறு.

அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் கணேசன் அவர்களுக்கு,

அக்கா வீட்டுக்காரர் செல்லையா எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், பூனை நலம். துடியலூரில் நீங்களும் ரேணுகாவும் பிள்ளைகளும், முக்கியமாக என் மனைவி தெய்வம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்குக் கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். உங்களுக்குப் போன் அடித்தால் உங்கள் அக்காதான் எடுக்கிறாள். எடுத்ததும், "செவுரு காஞ்சுதா?" என்கிறாள். காய்ந்தது என்று நான் சொன்னால் நம்பமாட்டாள்.

முதலில் நன்றி. ஐப்பசி மழையில் இருமிக்கொண்டே பஸ் ஏறியவளை மூன்று மாதமாக வைத்துப் பார்த்துக்கொள்கிறீர்கள். எங்கள் படுக்கையறைச் சுவரில் ஏறியிருக்கும் கறுப்புப் பூசணம்தான் அவள் நெஞ்சுக்கு ஆகவில்லை என்று கண்டுபிடித்ததும் நீங்கள் அழைத்துப்போன டாக்டர்தான். வருடா வருடம் தீபாவளிக்கு அந்தச் சுவருக்கு நான் பெயிண்ட் அடிப்பதும், பொங்கலுக்குள் அது அப்பளமாக உப்பி உதிர்வதும், உதிர்ந்த இடத்தில் பூசணம் ஏறுவதும், அடுத்த தீபாவளிக்கு அந்தப் பூசணத்தின்மேலேயே நான் மறுபடி அடிப்பதும் உங்களுக்குத் தெரிந்த கதை. பஸ் ஏறும்போது அவள் ஒன்றுதான் சொன்னாள். "ஏனுங்க, அந்தச் செவுரு நல்லாக் காஞ்சு, ஒழுங்கா பெயிண்ட் அடிச்சு, ஒரு மழைக்குத் தாங்கட்டும். அப்புறம் வாறேன்." நாற்பது வருடத்தில் அவள் இல்லாமல் நான் வைத்த முதல் பொங்கல் இந்த வருடப் பொங்கல்தான். அடிபிடித்துவிட்டது. பூனைகூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. எதுவுமே நன்றாக இல்லை மச்சான்.

சுவரைக் காய வைப்பது எனக்கு ஒரு காரியமா என்றுதான் முதலில் நினைத்தேன். முப்பத்தொரு வருடம் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் இடத்தில் சூப்பர்வைசராக இருந்தவன். பச்சைக் கொழுந்துக்குச் சூடான காற்று விட்டு ஈரம் இறக்கியவன். ஒரு பிடி கொழுந்தை அள்ளிக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தே பதம் சொல்வேன். மீட்டரை விட்டுவிட்டு என் கன்னத்தை நம்பிய மேனேஜர்கள் உண்டு. அந்தத் தைரியத்தில் மூன்று கணப்புச் சட்டி நிறையக் கரி போட்டு, சுவரை ஒட்டி வைத்து, சூடு வீணாகக் கூடாதென்று ஜன்னல் கதவெல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டு, நானும் பூனையும் வாசலில் உட்கார்ந்தோம். சாயங்காலம் கதவைத் திறந்தால் உள்ளே மழை பெய்கிறது. சுவரில் இருந்த ஈரம் கிளம்பி மேலே போய், ஜில்லென்று இருக்கும் கூரை ஷீட்டில் பட்டு, தலையணைமேல் சொட்டுகிறது. அதுவரை ஒழுங்காக இருந்த மற்ற மூன்று சுவர்களும் வேர்த்துவிட்டன. நான் பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்டிருந்த இசக்கிமுத்து அந்த நேரம் பார்த்து வந்து நின்றான். நாங்குநேரிக்காரன், இருபது வருடமாக இந்த மலையில் பிரஷ் பிடிக்கிறவன். "என்ன அண்ணாச்சி, செவுத்துக்கு வேது பிடிக்கியளா?" என்று, ஏதோ நான் அதற்குச் சளிக்கு ஆவி பிடிப்பதுபோல் கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

அன்றைக்குத்தான் நீங்கள் உங்கள் அக்காவிடமிருந்து போனைப் பிடுங்கி எனக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னீர்கள். "மாமா, பெயிண்ட் கெடக்கட்டும், மொதல்ல தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாருங்க." ஆஹா, என்ன அறிவு! உடனே சுவரின் வெளிப்பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே சுவரை ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு மண் ஏற்றி நான் போட்டு வைத்திருக்கும் வெள்ளைப்பூண்டுப் பாத்தி ஜம்மென்று நிற்கிறது. நான்கு வருடமாகக் காலை மாலை ஹோஸ் பிடித்து நான் தண்ணீர் விட்டது பூண்டுக்கு இல்லை மச்சான், என் கட்டிலுக்கு. மனதைக் கல்லாக்கிக்கொண்டு பூண்டு முழுவதையும் பிடுங்கினேன். இசக்கிமுத்துவும் நானும் இரண்டு நாள் மண்ணை வெட்டித் தள்ளி, தண்ணீர் சரிவில் ஓடிப்போக ஒரு கால்வாயும் எடுத்தோம். பிறகு உள்ளே பழைய பெயிண்ட், பூசணம் எல்லாவற்றையும் செங்கல் தெரிகிற வரைக்கும் சுரண்டி எடுத்தோம். என் நான்கு தீபாவளியும் நான்கு கலரில் கீழே விழுந்தன.

அதற்கப்புறம்தான் இசக்கிமுத்து தன் குணத்தைக் காட்டினான். ஒரு வாரம் வெயில் அடித்தது. நான் தினமும் காலையில் கண்ணை மூடிச் சுவரில் கன்னத்தை ஒற்றிப் பார்ப்பேன். எட்டாம் நாள் என் கன்னம் சொல்லிவிட்டது, பதம் சரி, அடிக்கலாம் என்று. கூப்பிட்டால், மஞ்சூரில் கொழுந்தியாள் பிள்ளைக்குக் காதுகுத்து என்கிறான். காதுகுத்து முடிந்ததும் பிரஷ்ஷை எலி கடித்துவிட்டது. பிரஷ் வாங்கியதும் ஏணிக்குக் கால் ஒடிந்துவிட்டது. ஏணி சரியானதும் அவன் இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்படியே மூன்று வாரம். ஒரு மனுசன் இவ்வளவு சோம்பேறியாக இருப்பானா என்று நான் திட்டாத நாள் இல்லை. இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு ஜெஸிந்தா டீச்சர் என்னிடம் காட்டிய பிரியத்தையும் சொல்ல வேண்டும். காலையில் ஜன்னல் வழியாக என்னைப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் இட்லி வரும். மத்தியானம் ரசம். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தைரியமா இருங்கண்ணா, நாங்க கோயில்ல வேண்டிக்கறோம்" என்றார். ஒரு சுவருக்காக இவ்வளவு வேண்டுதலா என்று எனக்கே மனம் நெகிழ்ந்துவிட்டது.

கடைசியில் இரண்டு வாரத்துக்கு முன் இசக்கிமுத்து வந்தான். கன்னத்தை ஒற்றிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், முன்பு பதம் என்று நினைத்தது பதமே இல்லை, இதுதான் பதம். பூசணத்துக்கு மருந்து அடித்து, பூச்சு பூசி, அது காய்ந்ததும் தேய்த்து, பிரைமர் ஒரு கை, பெயிண்ட் இரண்டு கை, அதுவும் மெல்லிசாக. காலையில் பனி விலகிப் பத்து மணிக்குப் பிரஷ்ஷைத் தொடுவான், மூன்று மணிக்கு மூடுபனி ஏறுமுன் கழுவி வைத்துவிடுவான். ஒரு கை அடித்தபின் அடுத்த கைக்கு முன் ஒரு முழு நாள் சும்மா விட்டான். இளம் மஞ்சள் கலர். காலை வெயில் பட்டால் அறையே சிரிக்கிறது. நேற்று முன்தினம் நல்ல மழை. பொட்டுக்கூட ஈரம் இல்லை, உப்பல் இல்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது என்றால் நம்ப மாட்டீர்கள்.

ஆகவே மச்சான், உங்கள் அக்கா சொன்ன மூன்றும் ஆகிவிட்டது. காய்ந்தது, பெயிண்ட் அடித்தாயிற்று, மழைக்குத் தாங்கியது. தயவுசெய்து பக்குவமாக எடுத்துச் சொல்லி அனுப்பி வைக்கவும். நான் கெஞ்சினேன் என்று சொல்ல வேண்டாம். உங்கள் ஒரு வாக்கியத்தாலும் என் கன்னத்தின் அனுபவத்தாலும்தான் இந்தச் சுவர் பிழைத்தது என்பதை மட்டும் அவள் காதில் போட்டு வைக்கவும். ரேணுகாவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டுச் சுவர்கள் எந்த மழைக்கும் உப்பாமல் இருக்க வேண்டி முடிக்கும்,

நன்றி மறவாத,
செல்லையா.

பின்குறிப்பு: உறையில் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே உங்கள் அக்கா வந்து இறங்கிவிட்டாள். உங்களிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினாளாம், எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. பின்னால் அவள் பையைத் தூக்கிக்கொண்டு இசக்கிமுத்து. இருவரும் பேசியதில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. காதுகுத்து, எலி, ஏணி, இடுப்பு எல்லாமே உங்கள் அக்கா போனில் சொல்லிக்கொடுத்ததாம். "அவரு கன்னத்த நம்பாதே, இன்னும் ஒரு வாரம் காயட்டும்" என்று தினமும் அவனுக்கு உத்தரவாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொன்ன உங்கள் வாக்கியமும் அவளுடையதுதானாம். நான்கு வருடமாக அதையேதான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம், நான்தான் பூண்டுக்குத் தண்ணீர் விடப் போய்விடுவேனாம். ஆகவே மேலே உங்களுக்குச் சொன்ன நன்றியில் பாதியைத் திரும்ப எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டேன். வருத்தப்பட வேண்டாம்.

அவள் நேராகப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தாள். மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். இருமல் இல்லை. நல்லா இருக்கு என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "டீச்சரக்கா போன் பண்ணுனாங்க. நான் இல்லாம தெனமும் செவுத்துல மூஞ்சிய வெச்சு அழுவறீங்கன்னு சொன்னாங்க. அதான் ஓடியாந்தேன்" என்றாள்.

ஈரம் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும், ஆமா என்று சொல்லிவிட்டேன். யாராவது கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லவும்.