கால் முளைக்காத குளம்

உலகத்தின் மகத்தான காரியங்கள் எல்லாம் யாரோ ஒருவரின் இடுப்பில்தான் தொடங்கியிருக்கின்றன. நோங் கியட் ஊரின் "மாதிரி ஈரநிலம்" கூலிக்காரி புவாலையின் இடுப்பில் தொடங்கியது. முழங்கால் சேற்றில் குனிந்து சம்பங்கோரை நட்டுவிட்டு மாலையில் நிமிர்ந்தால், முதுகு பழைய கதவு மாதிரி கிறீச்சிடும். கூலியோடு தைலம் கொடுக்கத் திட்டத்தில் இடமில்லை. "பசுமை நாயகி" என்று எழுதிய தொப்பி கொடுக்க இடமிருந்தது.

மலைமேல் செம்புச் சுரங்கம். அதன் கழிவுநீர் கோரை வேர்களுக்கு நடுவே மெல்ல நடந்து, மனம் திருந்தி, நல்ல தண்ணீராகி, கீழே வயல்களுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. இதற்காகக் குளம் வெட்டிய இடத்தில் முன்பு ஊர்க் குட்டை இருந்தது. மழைக்காலம் முழுக்க அதில் தவளை பிடித்துச் சாலையோரம் விற்றுத்தான் புவாலை வீட்டில் அடுப்பு எரிந்தது.

"தண்ணி சுத்தமானதும் தவளை பிடிக்கிற உரிமை உங்களுக்கே!" என்று திட்ட இயக்குநர் முனைவர் அனுசோன் ஒலிபெருக்கியில் சத்தியம் செய்திருந்தார்.

முதல் மழைக்கே தவளைகள் வந்துவிட்டன. அவை ஆய்வறிக்கை படிப்பதில்லை. தண்ணீரைப் பார்த்தால் இறங்கிவிடும். இரவெல்லாம் கத்தித் தீர்த்தன. அனுசோன் அதைப் பதிவு செய்து பாங்காக்குக்கு அனுப்பினார்: "பயனாளிகள் ஒருமனதாகத் திருப்தி."

முட்டை பொரிந்தது. தலைப்பிரட்டைகள் மொய்த்தன. அதன்பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நெல் பூத்தது, கதிர் பிடித்தது. தலைப்பிரட்டைகள் மட்டும் கட்டைவிரல் பருமனுக்கு ஊதி, தலைப்பிரட்டைகளாகவே இருந்தன. ஒன்றிரண்டுக்கு ஒற்றைக் கால் முளைத்தது. அவை வட்டம் வட்டமாகச் சுற்றின. பல, வயிறு மேலே தெரிய மிதந்தன.

"அக்கா, இதுங்க எப்பதான் தவளையாகும்?" கூடவே கோரை நட்ட கம்பூன் கேட்டான்.

"மனு போடணுமோ என்னவோ" என்றாள் புவாலை. போய் அனுசோனிடமே கேட்டாள்.

"தண்ணில செம்பு இருக்குன்னு பேசிக்கிறாங்களே, ஐயா?"

"இருக்கு. அளவுக்குள்ளதான் இருக்கு."

"யாரோட அளவுக்கு?"

"மனுஷனோட அளவுக்கு."

"அதுங்க மனுஷங்க இல்லையே, ஐயா."

"அதுக்கு நாங்க என்னம்மா பண்ண முடியும்?"

"கால் முளைக்கலையே?"

அனுசோன் கனிவாகச் சிரித்தார். "எல்லா வசதியும் தண்ணிக்குள்ளேயே இருக்கு. வெளிய போகணும்னே அதுங்களுக்குத் தோணல. அப்புறம் கால் எதுக்கு?"

திறப்பு விழாவுக்கு மாகாணத் துணை ஆளுநர் வருவதாக முடிவாயிற்று. அவர் கையெழுத்துப் போட்டால் மதகு திறக்கும். மதகுக்கு நேர் கீழே முதல் வயல் புவாலையுடையது. கையெழுத்துக்கு முன்னால், தண்ணீர் சுத்தம் என்று காட்ட, குளத்துத் தலைப்பிரட்டையை அந்தப் பக்கத்து வழக்கப்படி மிளகாயும் பச்சிலையும் உப்பில் ஊறிய மீனும் சேர்த்து வாழையிலையில் பொதிந்து அவித்து, படக்கருவியின் முன் விருந்தினர் சாப்பிட வேண்டும் என்பது அனுசோனின் யோசனை. பிறகு அவரே புவாலையைத் தனியாக அழைத்துப் பணத்தைத் திணித்தார்.

"எல்லாம் குளத்துல பிடிச்சதா இருக்கணும். ஆனா குளத்துல பிடிச்சிடாதீங்க."

"புரியுது, ஐயா. குளத்துச் சரக்கைச் சந்தையில வாங்கிட்டு வரேன்."

சந்தையில் விலை ஏறிக் கிடந்தது. புவாலையின் இடுப்பு வலியோ இறங்க மறுத்தது. பாதிக்குச் சந்தைச் சரக்கு வாங்கினாள். மீதிப் பணம் தைலமாயிற்று. மீதிப் பொட்டலங்களைக் குளம் நிரப்பியது. எது எதுவென்று தெரிய, சந்தைப் பொட்டலங்களுக்கு ஒரு மூங்கில் ஈர்க்கும் குளத்துப் பொட்டலங்களுக்கு இரண்டும் குத்தி வைத்தாள். அவற்றை அனுசோனுக்கும் அவர் ஆட்களுக்கும் பரிமாறுவதாக எண்ணம். பானை ஏறும்போது, பார்க்க ஒரே சீராக இருக்கட்டும் என்று கம்பூன் எல்லாவற்றிலும் ஒரே ஒரு ஈர்க்கை மட்டும் விட்டுவைத்தான். நல்ல மனசுக்காரன்.

விழா அன்று எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். பெரியவர் முதல் வாய் எடுக்காமல் மற்றவர் கை நீளாது. அது அந்தப் பக்கத்து மரியாதை. துணை ஆளுநர் பொட்டலத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போடும் முன் தண்ணீர் அறிக்கையைப் படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் அவருக்கு இருந்தது.

"சமைச்ச கையே முதல்ல எடுக்கட்டும்" என்றார் பெருந்தன்மையாக.

புவாலை ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். ஆவி பறந்தது. ஒட்டரிசிச் சோற்றை உருட்டிய கை பாதி வழியில் நின்றது. இது சந்தையா, குளமா?

"இடுப்பு வலி, ஐயா. குனிய முடியல."

"சாப்பாடு வாய்க்குத்தானேம்மா போகணும்? நீங்க எடுங்க, இயக்குநரே."

"இன்னிக்குப் பௌர்ணமி. நான் கவிச்சி தொடறதில்ல."

"பௌர்ணமி நேத்தே முடிஞ்சிடுச்சே?"

"எங்க வீட்டுல ரெண்டு நாள், ஐயா."

ஊர்த்தலைவரைப் பார்த்தார்கள். "எனக்குப் பல்லு ஆடுது" என்றார் அவர்.

"மென்னு திங்க இதுல காலா இருக்கு?" என்று பின்னாலிருந்து கம்பூன் உதவினான்.

அனுசோன் எழுந்தார். ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"பாருங்க, ஐயா! தன் கையால காப்பாத்துன உயிரைத் திங்க இந்தத் தாய்க்கு மனசு வரல! இதுதான் விழிப்புணர்வு!"

துணை ஆளுநர்தான் முதலில் கைதட்டினார். அந்த நிம்மதியிலேயே கையெழுத்தும் போட்டார். நகரத்திலிருந்து வறுத்த கோழி வந்தது. பௌர்ணமி முடிந்தது, பல் ஆடுவது நின்றது. பொட்டலங்கள் பக்கத்திலேயே குழிதோண்டி அடக்கமாயின. புவாலையின் கருணையை மதித்துக் குளம் "தலைப்பிரட்டைச் சரணாலயம்" என்று அறிவிக்கப்பட்டது. பிடித்தால் அபராதம். அன்று மாலையே மதகு திறந்தது. திருந்திய தண்ணீர் முதலில் அவள் வயலுக்குள்தான் நுழைந்தது.

"பிடிக்கிற உரிமை எங்களுக்கேன்னீங்களே, ஐயா?"

"நீங்கதானேம்மா வேண்டாம்னு கையை நிறுத்துனீங்க!"

மறுவாரம் சுற்றிலும் வேலி வந்தது. வேலிக் கம்பங்களுக்குக் குழி தோண்டும் கூலி வேலை புவாலைக்கும் கம்பூனுக்கும் கிடைத்தது.

"கால் இல்லாதது எங்க ஓடப் போகுதுன்னு இவ்ளோ பெரிய வேலி, அக்கா?"

"அதுங்களுக்கு இல்லடா. நமக்கு."

திட்டம் மாபெரும் வெற்றி. இந்தச் சரணாலயத்தை விட்டு இதுவரை ஒரு தவளைகூட வெளியேறியதில்லை. சுரங்கத்துக்குச் செம்பு கிடைத்தது, அனுசோனுக்கு விருது கிடைத்தது. புவாலைக்கு ஒரு மழைக்காலத்துத் தவளைகள் பாக்கி. அந்தத் தவளைகளுக்குத் தலைக்கு நான்கு கால் பாக்கி.