டாப்சனின் மூன்றாம் தாரம் எழுதுவது

மதிப்பிற்குரிய லத்தீன் வாத்தியார் பென்ஃபோல்ட் ஐயா அவர்களுக்கு,

கிரிக்கெட் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு, போன மாதம் காலமான வில்ஃப்ரெட் ஹாப்டேயின் மனைவி எடித் எழுதிக்கொள்வது. உங்கள் நெஞ்சுச் சளி இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் தங்கை கொடுத்தனுப்பிய பிளம் ஜாம் வந்தது. இங்கே நான் இருக்கிறேன், அவ்வளவுதான்.

ஐயா, நீங்கள் எழுதும் பள்ளிக்கூட வரலாற்றில் ஒரு அத்தியாயத்தைப் பள்ளி மலரில் போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு வெளியே தலை காட்ட முடியவில்லை. டாப்சன் என்று ஒரு மைதானக்காரர், பள்ளி தொடங்கிய நாளிலிருந்து போன மாதம் வரை புல் வெட்டினாராம், தென்னாப்பிரிக்கச் சண்டையில் காலில் குண்டு வாங்கினாராம், சைடர் போதையில் புல்தரையை உருட்டும் ரோலரோடு குளத்தில் விழுந்தாராம், மூன்று கல்யாணம் செய்தாராம். ஐயா, அது ஒரு ஆள் இல்லை, மூன்று ஆள்! முதலில் வந்தவர்தான் டாப்சன். அவருக்குப் பிறகு வந்தவனின் பெயர் அப்போதைய பெரியவாத்தியாருக்குப் பழகவில்லை, அவனையும் டாப்சன் என்றார். அவன்தான் குளத்தில் விழுந்தவன். அப்புறம் என் வில்ஃப் வந்தார். தேநீரைத் தவிர வேறெதையும் தொடாத மனுஷன். கல்யாணமாகி நாங்கள் பெட்டியோடு வந்து இறங்கியதுமே, "இனிமே நீதான் டாப்சன்" என்றார்கள். இவரும் தொப்பியைக் கழற்றிவிட்டு, "சரிங்க" என்றார். எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

தபால் ஆபீஸ் கேல் அம்மாவை உங்களுக்குத் தெரியும். ஸ்டாம்பைக் கிழித்துக்கொண்டே, "ஏன் எடித், மூத்த தாரம் ரெண்டு பேரும் எப்படிப் போய்ச் சேர்ந்தாங்க? உன் சமையலா?" என்று கேட்கிறாள், வரிசையில் நின்ற எல்லோரும் சிரிக்கிறார்கள். பாதிரியார் கையைப் பிடித்து, "நூறு வயசைத் தாண்டியும் உழைச்சிருக்காரே, பாக்கியசாலிம்மா" என்கிறார். வில்ஃபை அடக்கம் செய்தவரே அவர்தான்!

தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லலாமே என்று போனேன். எழுந்து நின்று, "வாங்க மிஸஸ் டாப்சன், உட்காருங்க" என்றார். "நான் மிஸஸ் ஹாப்டேங்க" என்றேன். "அது நம்ம பள்ளியோட மரபும்மா" என்றார். அவருடைய நாய்களுக்கு உங்கள் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. நாலு நாய், நாலுக்கும் தனித்தனிப் பெயர். ஒன்றுக்குப் படம்கூட.

இது போதாதென்று நேற்று யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஒரு வாலிபன், வில்ஃபின் தோட்டக் கொட்டகைச் சாவியைக் கேட்டு நிற்கிறான். "யாருப்பா நீ?" என்றேன். "நான்தாங்க டாப்சன்" என்றான். ஐயா, வில்ஃப் மேல் போட்ட மண் இன்னும் காயவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தி, அவருடைய பூட்ஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். புத்தகம் அச்சுக்குப் போவதற்குள் டாப்சன் என்ற அந்தப் பெயரை அடித்துவிட்டு, வில்ஃப்ரெட் ஹாப்டே என்று அவருடைய சொந்தப் பெயரைப் போடுங்கள். இல்லையென்றால் நானே அச்சகத்துக்குப் போவேன், சும்மா சொல்லவில்லை.

உங்கள் இருமல் நிற்கவும் தங்கையின் முழங்கால் தேறவும் ஞாயிறு தோறும் வேண்டிக்கொள்ளும்,
எடித் ஹாப்டே (மிஸஸ் டாப்சன் இல்லை)

பி.கு: உறையை ஒட்டப் போகும்போது ஒரு பெரிய கார் வந்து நின்றது. வழுக்கைத் தலை, லண்டன்காரர், நம் பழைய மாணவர். "அம்மா, டாப்சனை எங்க வெச்சிருக்கீங்க? பூவையெல்லாம் வேற டாப்சன் கல்லறையில வெச்சு அழுதுட்டேன், அப்புறம்தான் வருஷத்தைப் பார்த்தேன்" என்றார். எட்டு வயதில் இங்கே கொண்டுவந்து விட்டபோது வீட்டை நினைத்து அழுதிருக்கிறார். "அழுறவன் தள்ளுனா ரோலர் கோணலாப் போகும், மூக்கைத் துடைச்சிட்டு வா" என்றாராம் வில்ஃப். சொல்லிவிட்டு, என் வாசலிலும் அழுதார். ஹாப்டே என்று போட்டால் இவரைப் போன்றவர்களுக்கு யாரென்று தெரியும்? அதனால் மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். டாப்சனே இருக்கட்டும், மூன்று மனைவியும் இருக்கட்டும், கேல் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அடியில் ஒரு வரி மட்டும் சேருங்கள்: டாப்சனைப் பார்க்க வருகிறவர்கள் கோயில் கல்லறைத் தோட்டத்து வேலியோரம், வில்ஃப்ரெட் ஹாப்டே என்று வெட்டியிருக்கும் கல்லுக்குப் போகவும்.